சிறுவாட்டுக்குக் கணக்குக் கேட்பவர்கள்



அழைப்பிதழில் அச்சிடாத ஒரு செய்தியைச் சொல்லித் தொடங்குகிறேன். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பாடம் சொன்ன ஓர் ஆசிரியரின் பிள்ளைகள், அவர் மறைந்த பிறகு ஒரு தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டிருக்கிறார்கள். அந்த முதல் தொகையில் யாரும் கை வைக்கக் கூடாது. வருஷா வருஷம் வருகிற வட்டியில்தான் இந்த மைக், இந்த நாற்காலிகள், உங்கள் கையில் இருக்கும் டீ, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னை ஏற்றிவந்த ஆட்டோ எல்லாம். ஒரு வாத்தியார் தன் சம்பளத்தில் தொடாமல் விட்ட காசில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே சேமிப்பைப் பற்றிப் பேசுவதற்கு உதாரணம் தேடி நான் வெளியூர் போக வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு நம் சீமைக்குப் புதிதும் இல்லை. புலிக்கால் முனிவர் வழிபட்டதாகச் சொல்லப்படும் வியாக்ரபுரீசுவரர் கோயில் இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சோழர் காலத்தில் இப்படிப்பட்ட கோயில்களில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் பக்தர் நெய்யைக் கொண்டுவந்து ஊற்றவில்லை. 90 ஆடு, சில இடங்களில் 96 ஆடு கொடுத்தார். அதை ஓர் இடையர் ஏற்றுக்கொண்டு நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகத்தான் செய்யும், கிழடாகத்தான் செய்யும். ஆனால் குட்டி போடும், கிழடைத் தள்ளிவிட்டுக் குட்டியைக் கணக்கில் சேர்த்தால் 96 எப்போதும் 96. முதல் என்றால் என்ன, வட்டி என்றால் என்ன என்று எனக்கு வணிகவியல் வகுப்பில் மூன்று மாதம் நடத்தினார்கள். இந்த நாலு சொல்லில் அது முடிந்துவிடுகிறது.

என் தொழில் வங்கி. முப்பது வருஷத்துக்கு மேல் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன். அதனால் பேராசிரியர்கள் பேசுவதுபோல் எனக்குப் பேச வராது. எனக்குத் தெரிந்தது வெளிப்பக்கம் நின்றவர்களின் முகம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. 10ஆம் தேதி காலை கதவைத் திறந்தோம். வரிசை தெருமுனை தாண்டியிருந்தது. மதியத்துக்கு மேல் ஓர் ஆயா என் முன்னால் வந்து சுருக்குப் பையை அவிழ்த்தார். உள்ளே பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு துணி, துணிக்குள் பதினாறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். ஒவ்வொன்றும் நாலாக மடித்து, மடிப்பில் மஞ்சள் ஏறி, பெருங்காய வாசனை அடித்தது. 8,000 ரூபாய். அன்றைய விதிப்படி அடையாள அட்டையைக் காட்டி 4,000 வரை மாற்றிக்கொள்ளலாம், மீதியைக் கணக்கில் போட வேண்டும். பாதியை மாற்றிக் கொடுத்தேன். “மீதியை உங்க பாஸ்புக்குல போட்டுடறேன்மா” என்றேன். நூறு நாள் வேலைக்கூலி வருகிற கணக்கு ஒன்று அவருக்கு இருந்தது.

“போட்டா யாருக்குத் தெரியும் சார்?”

கணினியில் பார்த்தேன். கணக்கோடு இணைத்திருந்த போன் நம்பர் மகனுடையது. ஏ.டி.எம். கார்டும் அவனிடம்தான். பணம் ஏறிய நிமிஷம் அவன் போனில் டிங் என்று சத்தம் வரும். சொன்னேன். ஆயா கொஞ்ச நேரம் கவுன்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எட்டு நோட்டையும் பழையபடி நாலாக மடித்தார்.

“வூட்ல தெரியாம இருக்கறவரைக்கும்தான் சார் அது என் காசு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த எட்டு நோட்டு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. செல்லாதாக்கிய நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கி சொன்னது. அந்தக் கணக்கைப் படித்தபோது, அந்த 99.3இல் அவருடையது இருக்குமா, மீதி 0.7இல் இருக்குமா என்றுதான் என் புத்தி போயிற்று.

அவர் கையில் இருந்ததற்குத் தமிழில் ஓர் அழகான சொல் இருக்கிறது: சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது, பால் விற்றது, முட்டை விற்றது, கோழி விற்றது. கடுகு டப்பாவில், அரிசிப் பானையில், சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது. புருஷனுக்குத் தெரியாது என்று பெண்டாட்டி நினைத்துக்கொண்டிருப்பாள். தெரியும், ஆனால் கேட்க மாட்டேன் என்று புருஷன் நினைத்துக்கொண்டிருப்பான். கேட்டுவிட்டால் அது சிறுவாடு இல்லை.

பொருளாதாரப் பாடநூல் வருமானத்தில் செலவைக் கழி, மிஞ்சுவது சேமிப்பு என்கிறது. நம் வீடுகளில் கணக்கு தலைகீழ். உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சொர்ணவாரி அறுத்ததும் விதைநெல்லை எடுத்துக் கட்டிவைத்த பிறகுதான் மற்ற நெல்லுக்கு விலை பேசுவார்கள். சேமிப்பு முதலில், சாப்பாடு அப்புறம். ஆக ‘மிஞ்சுவது’ என்று சொல்வதே வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவனின் பேச்சு. நான் இன்று சொல்ல வந்தது இதை ஒட்டியதுதான். ராஜா, வெள்ளைக்காரன், முதலாளி, பொதுவுடைமை அரசு, திட்டக் குழு என்று ஒவ்வொருவரும் இந்தக் கடுகு டப்பாவை எட்டிப் பார்த்தார்கள். எதற்காகப் பார்த்தார்கள், எடுத்ததற்குக் கணக்குக் காட்டினார்களா?

உத்திரமேரூரிலிருந்தே ஆரம்பிப்போம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த கல்வெட்டுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பாராளுமன்றம் வரை குடவோலைத் தேர்தல் என்றால் நம் ஊர்தான். ஆனால் எல்லோரும் தேர்தலைப் பேசுகிறார்கள், கணக்கைப் பேசுவது குறைவு. ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு பொன் வாரியம் என்று ஒன்று அங்கே இருந்தது. பொன்னின் தரம் பார்ப்பது அதன் வேலை. ஊர்ச்சபையிடம் மக்கள் பொன்னை முதலாகக் கட்டினார்கள், சபை அதன் வட்டியில் ஒரு தர்மத்தை நடத்தியது. வைரமேகத் தடாகம் என்ற நம் ஏரியில் வண்டல் எடுப்பதற்கே இப்படிப் பொன் கொடுத்ததைப் பல்லவர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதாவது ஒருவர் வீட்டுப் பொன், சபை கையில் முதலாகி, ஏரியில் தண்ணீராக நின்று, திரும்ப அவர் வயலுக்கே பாய்ந்தது.

அதே கல்வெட்டு யார் யார் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்று ஒரு பட்டியல் போடுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் அதில் உண்டு. அவர் மட்டுமில்லை, சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள் வரை உறவுக்காரர் எல்லோரும் தகுதி இழக்கிறார்கள். ஒருவன் கணக்கு மறைத்தால் அவன் சகலைக்கும் சீட்டு இல்லை. கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கே தோன்றியிருக்கிறது. பிறகு வங்கி வேலையில் சேர்ந்த நாலாம் வருஷம் அந்த எண்ணம் போய்விட்டது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தச் சபை பிராமண நிலவுடைமைக்காரர் சபை. வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். வயலில் நட்டவளின் சிறுவாடு அந்தக் கல்லில் இல்லை.

இனி சீமைக்குப் போகலாம். 1776இல் ஆடம் ஸ்மித் எழுதிய நூலில் சிக்கனத்துக்கு உயர்ந்த ஆசனம். உழைப்பு பொருளை உண்டாக்கும், ஆனால் அதைச் சேர்த்து முதலாக்குவது சிக்கனம்தான் என்றார். அவர் மனசில் இருந்த சிக்கனக்காரர் கடைக்காரரும் ஆலைக்காரரும். கூலிக்காரியின் டப்பா அவர் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. கார்ல் மார்க்ஸுக்குப் பட்டது, ஆனால் சந்தேகத்தோடு. 1847இல் கூலியைப் பற்றி எழுதிய குறிப்புகளில், சேமிப்பு வங்கி தொழிலாளியை அரசோடு கட்டிப்போடும் சங்கிலி என்ற வகையில் பேசுகிறார். தன் நாலு காசு அரசாங்கத்திடம் இருக்கும்போது அரசாங்கம் கவிழட்டும் என்று எவன் நினைப்பான்?

வெள்ளைக்கார அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 1882 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தியத் தபாலாபீஸ்களில் சேமிப்பு வங்கி தொடங்கியது. 1914இல் போர் மூண்டதும் ஜனங்கள் போய் நின்று பணத்தைத் திருப்பி எடுத்தார்கள். துரைத்தனம் நிலைக்குமோ என்ற பயம். 1917இல் அதே தபாலாபீஸ் ஐந்து வருஷப் பத்திரம் விற்றது, போர்ச் செலவுக்கு. நம் பாட்டன் போட்ட பணம் எங்கோ மெசபொட்டேமியாவில் ரொட்டியாயிற்று.

இந்த விஷயத்தில் நான் அதிகம் யோசித்த ஆள் கெயின்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர். 1906இல் லண்டனில் இந்தியா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1913இல் இந்திய நாணயத்தைப் பற்றி முதல் புத்தகம் போட்டார். இந்தியர்கள் தங்கத்தைப் பிடித்து வைத்திருப்பது அவர்களுக்கே கேடு, அந்தத் தங்கம் வெளியே வந்தால் நாடு பிழைக்கும் என்பது அதில் அவர் கட்சி. 1931 ஜனவரியில் பி.பி.சி. ரேடியோவில் பேசினார். இங்கிலாந்தில் இருபது லட்சம் பேருக்கு மேல் வேலையில்லாமல் நின்ற காலம். வீட்டுப் பெண்களைப் பார்த்து, நாளைக்கே கடைக்குப் போய்த் துணிமணி வாங்குங்கள், நீங்கள் ஐந்து ஷில்லிங் சேமித்தால் ஒருவனுக்கு ஒரு நாள் வேலை போகிறது என்று சொன்னார்.

இது வேடிக்கைப் பேச்சு இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தத் தீபாவளிக்குப் புடவை வேண்டாம், காசை வைத்துக்கொள்வோம் என்று ஒரு வீடு நினைத்தால் அது புத்திசாலித்தனம். பத்தாயிரம் வீடு சேர்ந்து நினைத்தால் அங்கே பிள்ளையார்பாளையத்தில் தறி நிற்கும். தறி நின்றால் நெசவாளி வீட்டில் இருக்கிற சேமிப்பையும் எடுத்துத் தின்பார்கள். எல்லோரும் சேமிக்கப் போய் மொத்தச் சேமிப்பும் குறைந்துவிடுகிறது. 1936இல் வந்த கெயின்ஸின் பெரிய நூலின் நடுவில் இருக்கும் எண்ணம் இது. அறிவு சரி என்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு. இங்கிலாந்துப் பெண்ணிடம் செலவு செய் என்றார், இந்தியப் பெண்ணிடம் தங்கத்தை விடு என்றார். இரண்டு ஊர்ப் பெண்களிடமும் அவர் கேட்டது ஒன்றுதான்: கையில் இருப்பதை வெளியே எடு. வேலை போனால், புருஷன் செத்தால், மகன் கைவிட்டால் அவள் எதை எடுப்பாள் என்ற கேள்விக்கு அரசாங்கம் பதில் வைத்திருக்கும் நாட்டில் இந்தப் பேச்சு செல்லும். அந்தப் பதில் இல்லாத நாட்டில் கழுத்துத் தங்கம்தான் பென்ஷன்.

நம் அரசும் அந்தக் கழுத்தைப் பார்த்தது. 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். ஜனங்கள் தங்கத்தை விடவில்லை. பொற்கொல்லர்கள்தான் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் 1990இல் போயிற்று. இன்று கிராமக் கூட்டுறவுச் சங்கங்களில் நிறையப் புழங்குவது நகைக்கடன். நவரை நடவுக்கு வளையல் உள்ளே போகும், அறுத்ததும் வெளியே வரும், ஆடியில் மறுபடி உள்ளே. 2021இல் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரை வைத்த கடனைத் தள்ளுபடி செய்தபோது, ஒழுங்காக மீட்டுக்கொண்டுபோன பெண்கள் என்னிடம் வந்து, “கட்டுனவதான் சார் ஏமாளி” என்றார்கள். அவர்களுக்கு நான் சொன்ன சமாதானம் எனக்கே திருப்தியில்லை.

சோவியத் நாட்டுக்கு வருகிறேன். அங்கே முதலாளி இல்லை, ஆனால் சேமிப்பு வங்கி தெருவுக்குத் தெரு இருந்தது. உள்ளே போட்ட பணம் அரசுக்கு. ஸ்டாலின் காலத்தில் தொழிற்சாலையிலேயே கடன் பத்திரம் வாங்கச் சொல்வார்கள், மறுக்க முடியாது. 1957இல் குருஷேவ் அரசு அந்தப் பத்திரங்களுக்குப் பணம் திருப்பித் தருவதை இருபது வருஷம் தள்ளி வைத்தது. அப்படியும் பிற்காலத்தில் ஜனங்கள் கணக்கில் பணம் ஏறிக்கொண்டே போனது. சிக்கன குணத்தால் இல்லை, கடையில் சாமான் இல்லாததால். ரேஷன் கடையில் சரக்கு வராத மாதம் நம் கையில் சில்லறை நிற்பதுபோல. 1991 ஜனவரி 22 இரவு டி.வி.யில் அறிவித்தார்கள்: 50, 100 ரூபிள் நோட்டு செல்லாது, மாற்ற மூன்று நாள். கிழவர்கள் பனியில் வரிசையில் நின்றார்கள். அடுத்த வருஷம் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதும் ஒரே ஆண்டில் விலைவாசி இருபது மடங்குக்கு மேல் ஏறியது. ஆயுசு பூராவும் சேர்த்தது ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்குக் காணாமல் போயிற்று. 2016 நவம்பரில் எங்கள் கிளை வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தபோது எனக்கு இந்த ரூபிள் கதைதான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. இங்கே விலைவாசி அப்படி ஏறவில்லை, கணக்கில் போட்டவர் பணம் போகவும் இல்லை. ஆனால் இரண்டு அரசுமே கடுகு டப்பாவைக் கறுப்புப் பணத்தோடு ஒரே தராசில் வைத்தன.

சீனா, ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் 1875இலிருந்து தபாலாபீஸ் சேமிப்பு. அதைத் திரட்டித்தான் போருக்குப் பின் சாலையும் ரயிலும் போட்டார்கள். சீனத்தில் ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைப் படிப்பு, முதுமை எல்லாம் தன் தலையில் என்ற பயத்தில் குடும்பங்கள் சேர்க்கின்றன. அரசு வங்கிகள் குறைந்த வட்டிக்கு அதை வாங்கி ஆலைகளுக்குக் கொடுத்தன. பயம் அங்கே மூலதனம் ஆயிற்று.

நாம் எடுத்த வழி நடுவழி. பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய கட்டுரையில், வருமானத்தில் 4, 5 சதவீதம் சேமிக்கிற ஏழை நாடு 12, 15 சதவீதம் சேமிக்கிற நாடாக எப்படி மாறுகிறது என்பதுதான் வளர்ச்சியின் மர்மம் என்றார். நம் திட்டக்காரர்கள் மனசிலும் அதுதான் ஓடியது. 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயம், 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசியமயம். பள்ளிக்கூடத்தில் சஞ்சயிகா என்று ஒரு திட்டம். நான் வாரம் 25 பைசா கட்டினேன், அட்டையில் வாத்தியார் கையெழுத்துப் போடுவார். அதே காலத்தில் தமிழக அரசாங்கம் லாட்டரிச் சீட்டும் விற்றது. 1968இல் தொடங்கி 2003இல்தான் ஒழிந்தது. அரசு ஒரு கையால் உண்டியல் கொடுத்து மறுகையால் அதை உலுக்கியது. எப்படியோ, ஐம்பதுகளில் 10 சதவீதத்தை ஒட்டி இருந்த நாட்டின் சேமிப்பு 2007-08இல் 36ஐத் தாண்டியது. ஆலையும் அணையும் ரயிலும் பெரும்பாலும் இந்தச் சில்லறையில் எழுந்தவை. அணைக்கட்டில் எங்காவது அந்தச் சில்லறைக்குச் சொந்தக்காரர்களின் பெயர் உண்டா என்றால் இல்லை, திறந்து வைத்த அமைச்சரின் பெயர் உண்டு.

வேறொரு பார்வையை நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் சொன்னார். தஞ்சாவூரில் பிறந்து மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா. பணத்தைப் பற்றி அவர் எழுப்பிய சந்தேகம் ரொம்ப எளிமையானது. வாழைப்பழக்காரி சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் பழம் அழுகும். வாங்க வருகிறவன் சட்டைப்பையில் இருக்கும் ரூபாய் அழுகாது, அவன் நாளைக்கு வருகிறேன் என்று போகலாம். பேரத்தில் அழுகாததே ஜெயிக்கும். ‘சாவா மூவா’ என்று நாம் கொண்டாடிய குணமே பணக்காரனுக்கு ஆயுதம் ஆகிறது என்பது இதன் உட்பொருள். 1932இல் ஆஸ்திரியாவில் வோர்கல் என்ற சிற்றூர், மாதம் ஒரு சதவீதம் மதிப்பு இறங்குகிற மாதிரி தானே நோட்டு அச்சடித்துப் பார்த்தது. நோட்டு ஓடியது, வேலை கிடைத்தது. மறுவருஷம் மத்திய வங்கி நிறுத்திவிட்டது. முடங்கிக் கிடக்கும் செல்வத்தில் வருஷத்துக்கு 2.5 சதவீதம் ஏழைக்கு என்று ஜகாத் சொல்வதும் இந்தத் திசையில்தான். குமரப்பாவை நான் மதிக்கிறேன். ஆனால் பெருங்காய வாசனை அடித்த அந்தப் பதினாறு நோட்டு அழுகட்டும் என்று சொல்ல என் வாய் வராது. பெரிய முதல் அழுகட்டும், சிறுவாடு சாகாமல் இருக்கட்டும். இப்படி ஒரு பொருளாதாரத்தை யாராவது எழுதினால் நான் முதல் பிரதி வாங்குகிறேன்.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் மேலிருந்து பார்த்தவர்கள். பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் உண்டு, அதிலும் நம் மாவட்டத்துக்கு முன்வரிசை. சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமச் சங்கங்களைப் பார்த்துவிட்டு வந்து 1895லும் 1897லும் அறிக்கை கொடுத்தார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அந்த வருஷமே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் திரூர் சங்கம், அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரச் சங்கம். நாட்டிலேயே பதிவான முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அதுதான். இரண்டு வருஷம் கழித்து, 1906 அக்டோபர் 22இல், சென்னையில் அர்பத்நாட் என்ற மாபெரும் வெள்ளைக்கார வங்கி கவிழ்ந்தது. பென்ஷன்காரர், விதவை, கோயில் தர்மகர்த்தா என்று ஆயிரக்கணக்கானோர் பணம் போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்தச் சாம்பலில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. சின்னதாக, பக்கத்தில், முகம் தெரிந்தவர்கள் நடத்திய சங்கங்கள் நின்றன, மாளிகையில் நடந்தது விழுந்தது என்று சொன்னால் கைதட்டுவீர்கள். உண்மை அவ்வளவு நேராக இல்லை. கூட்டுறவிலும் கணக்குக் காட்டாதவர்கள் உண்டு. எந்தச் சங்கம் என்று நான் சொல்லப் போவதில்லை.

முகம் தெரிந்தவர்களின் வங்கி என்றால் சீட்டுதான். நம் தெருவில் இன்றும் நடக்கிறது. இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய் சீட்டு. திண்ணையில் உட்கார்ந்து ஏலம் கேட்பார்கள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவள் 25,000 தள்ளி எடுக்கிறாள், கையில் 75,000 வருகிறது. தள்ளினதில் சீட்டுப் பிடிக்கிற அக்காவுக்குக் கமிஷன் 5,000. மீதி 20,000 இருபது பேருக்கும் கழிவு, ஆளுக்கு ஆயிரம். ஆக அந்த மாதம் கட்ட வேண்டியது 4,000. அவசரக்காரி வட்டி கொடுக்கிறாள், பொறுத்திருப்பவள் வட்டி வாங்குகிறாள். சிட்டா, அடங்கல், ஜாமீன், பேன் கார்டு எதுவும் இல்லை. அவள் வீட்டு வாசல்தான் ஜாமீன். இருபது பெண்கள் முன்னால் தினமும் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்ற கூச்சம்தான் தணிக்கை. இதில் சேமிப்பும் கடனும் வேறு வேறு இல்லை. எந்தப் பொருளாதாரப் பள்ளியும் இதைத் தன் படத்தில் சரியாக வரையவில்லை என்று நினைக்கிறேன். 1982 சட்டப்படி சீட்டைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத திண்ணைச் சீட்டு சட்டத்துக்கு வெளியே, ஆனால் ஊருக்கு உள்ளே.

ஊருக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் வாயில் நுழையாத வட்டி சொல்லி வாங்கின, மூடின, 1997இல் முதலீட்டாளர் நலனுக்கென்று தமிழ்நாடு தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டம் இருந்தும் 2022இல் நம் வடமாவட்டங்களில் அதே கூத்து மறுபடி. இந்தப் பக்கத்திலேயே நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். கூச்சத்தில் சொல்வதில்லை.

வெளிநாட்டுத் தமிழர் கதை ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. மலாயாவில் ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பங்கள் லயத்தோடு வெளியே. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குக் கொஞ்சம் மாதாமாதம் கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் வெட்டுகிறவர்களின் தவணைக் காசில் தோட்டங்களை வாங்கினார்கள். நம் ஜனங்களின் சிறுவாடு ஆலைக்காரனுக்குக் கடனாகவும் அரசுக்குப் பத்திரமாகவும் போகாமல், தாங்கள் நின்ற மண்ணுக்கே பட்டாவாக மாறிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் பெரியது.

இன்றைக்கு வருவோம். நாட்டின் குடும்பங்கள் எவ்வளவு சேமிக்கின்றன என்று வருஷா வருஷம் எண் வருகிறதே, யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்களா? கேட்பதில்லை. வங்கிகளில் உள்ள மொத்த வைப்பில் கம்பெனிகளுடையது, அரசுடையது என்று கழித்து, மீதியைக் ‘குடும்பம்’ என்ற கட்டத்தில் போடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் விவசாயி, பெட்டிக்கடைக்காரர், பங்காளிகள் சேர்ந்து நடத்தும் அரிசி மண்டி எல்லாம் உண்டு. நீங்கள் அந்தக் கணக்கில் ‘மீதி’. அந்த மீதியின் நிகர நிதிச் சேமிப்பு, கோவிட் வருஷமான 2020-21இல் நாட்டின் உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2022-23இல் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. குடும்பங்கள் வாங்கிய கடன் ஏறியதும் ஒரு காரணம். வீட்டுக்கடன் வாங்கி வீடு கட்டியவர்களும் அதில் உண்டு, அதனால் எல்லாம் நாசம் என்று கூவுவது தப்பு. ஆனால் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிற நம் பெண்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சம்பளம் ஏறிய அன்றே போனுக்கு ஒரு தவணை, வண்டிக்கு ஒரு தவணை, குழுக் கடனுக்கு ஒரு தவணை தானாகக் கழிந்துவிடுகிறது. அவள் அம்மா உலை வைக்கும் முன்னால் ஒரு பிடி எடுத்தாள். இவளுக்கு முன்னால் வேறு யாரோ எடுத்துக்கொள்கிறார்கள்.

2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில்தான் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். குடும்பத் தலைவி கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய். அதைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் நிறையச் சண்டை போட்டுவிட்டார்கள். என் மனசில் ஓடியது வேறு. ஆயிரம் ஏறியதும் டிங் என்று எந்த போனில் சத்தம் வருகிறது? ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்த பெண்களுக்கு நான் இலவசமாகச் செய்து தருகிற உதவி ஒன்றே ஒன்று. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், படிவம் நிரப்பி, போன் நம்பரை மாற்றி அவர்கள் நம்பரையே போட்டுத் தருவது. இதுவரை பத்து நாற்பது பேருக்குச் செய்திருப்பேன். ஒரு மகன் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நன்றியுரைக்கு முன்னால் விழாக் குழுவிடம் ஒரு விண்ணப்பம். எனக்குப் போர்த்திய பொன்னாடை, ஆட்டோ, டீ, நாற்காலி வாடகை எல்லாவற்றையும் சேர்த்து இந்த வருஷ வட்டியில் எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம் என்று பொருளாளர் இப்போதே மைக்கில் வாசித்துவிட வேண்டும். வாத்தியாருடைய மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பொன்னாடை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், விலைச்சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டிருக்கிறீர்கள்.